கை பட்டால்தான் வீடு!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வீட்டுக்கு அழகு தருவது காசா, கைவண்ணமா?’ – ‘கைவண்ணமே’ என்ற அணியில் பேசியது. இடம்: உதகமண்டலம்)

அறிவார்ந்த நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, ஒரு பெரிய கடையையே தூக்கிக்கொண்டு வந்து இந்த மேடையிலே இறக்கி வைத்துவிட்டுப் போன எதிரணி நண்பர்களே, இந்த ஊட்டிக் குளிரிலே ஸ்வெட்டரும் குல்லாயுமாக வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருக்கிற உறவுகளே! 

எனக்கு முன்னாலே பேசிய சகோதரர் ரொம்ப அழகாகப் பேசினார். சோபா என்றார், ஷோகேஸ் என்றார், சுவரிலே ஒட்டுகிற தாள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: “கதவைத் திறந்து உள்ளே வர்றவன் அப்படியே அசந்து போகணும். அதுதான் வீடு” என்றார். நடுவர் ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். வீடு என்பது வர்றவன் அசந்து போறதுக்கா, இல்லே, இருக்கிறவன் அசதி தீர்றதுக்கா? (கைதட்டல்)

எதிரணியினர் மூன்று விஷயம் வைத்தார்கள். பழைய பொருளை வைத்தால் மரியாதை இருக்காது, அது ஒன்று. கையாலே செய்தது உழைக்காது, அது இரண்டு. இந்தக் காலத்திலே யாருக்குங்க நேரம் இருக்கு, அது மூன்று. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்காக நான் அமெரிக்காவுக்கெல்லாம் போகப் போறதில்லை. இந்த நீலகிரி மலையை விட்டு இறங்காமலே சொல்கிறேன். ஆனால் இந்த மலையிலே செய்த பொருள் அமெரிக்காவுக்குப் போன கதை ஒன்று இருக்கு. அதைக் கடைசியிலே சொல்கிறேன், எழுந்து போயிடாதீங்க. (சிரிப்பு)

முதலிலே என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலே, லைன் வீட்டிலே வளர்ந்தவள். எங்க அம்மா அப்பா இலங்கையிலே, தோட்டத்திலே பிறந்தவங்க. 1964-லே நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆச்சு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளணும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளணும் என்று கணக்குப் போட்டார்கள். அரிசி மூட்டையைப் பிரிக்கிற மாதிரி மனுஷனைப் பிரித்தாச்சு. அப்படித் திரும்பி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-லே தமிழ்நாடு அரசு இந்த மலையிலே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைக்கு ‘டான்டீ’ என்று சொல்கிறோமே, அதற்கு அதுதான் தொடக்கம். சிலருக்கு அங்கே வேலை, சிலருக்கு மற்ற தோட்டங்களிலே வேலை. எங்க அப்பாவுக்கு ஒரு தோட்டத்துப் பேக்டரியிலே கிடைத்தது.

கப்பலிலே வந்தவங்க கையிலே என்னங்க இருக்கும்? ஒரு தகரப் பெட்டி, ஒரு துணி மூட்டை, ஒரு குடும்ப அட்டை. கொடுத்தது ஒரு காம்பரா. அறை என்பதற்கு எங்க தோட்டத்துப் பேச்சு அது. சுண்ணாம்பு அடித்த சுவர், சிமெண்டுத் தரை, கூரையிலே தகரம். நான்கு சுவரும் கம்பெனியோடது. வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பணும். அப்போ அந்த வீட்டிலே எங்களுடையது என்று சொல்ல என்ன இருக்கு? எங்க அம்மா கை வைத்துச் செய்தது மட்டும்தான் இருக்கு. நடுவர் ஐயா, இந்தத் தலைப்பை இவங்க ஏதோ அலங்காரம் என்று நினைத்துப் பேசினாங்க. எங்களுக்கு இது அலங்காரம் இல்லை, முகவரி. (கைதட்டல்)

டீப்பெட்டி என்று ஒன்று உண்டு. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போ தேயிலையைப் பல அடுக்குக் காகிதச் சாக்கிலே போட்டு அனுப்புகிறார்கள். அந்தக் காலத்திலே ஒட்டுப்பலகைப் பெட்டி, அதுதான் பிளைவுட். நாலு ஓரமும் தகரப்பட்டை அடித்திருக்கும். உள்ளே ஈரம் ஏறாமல் இருக்க பளபளவென்று உலோகத்தாள் ஒட்டியிருக்கும். வெளியே தோட்டத்துப் பெயர், எடை, தூளின் ரகம் எல்லாம் கறுப்பு மையிலே அச்சு வைத்திருப்பார்கள். மூலை பிய்ந்த பெட்டி, ஒடுக்கு விழுந்த பெட்டி தூள் அனுப்ப லாயக்கில்லை என்று ஒதுங்கும். அதுதான் எங்க ஊர் பர்னிச்சர் கடை!

எங்க அம்மா என்ன செய்தாங்க தெரியுமா? ஆணியைப் பிடுங்கி, தூக்கி நிற்கிற தகர ஓரத்தைச் சுத்தியாலே தட்டி மடக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு பெட்டியைப் படுக்கப் போட்டு அதன்மேலே இன்னொன்று. அலமாரி ஆச்சா? முன்னாலே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, கிழிந்த நூல் புடவையிலே முந்தானையை மட்டும் வெட்டித் திரை. முந்தானைதானே புடவையிலே அழகு? உடம்புப் பாகம் நைந்தாலும் முந்தானை நன்றாக இருக்கும். ரேஷன் கார்டு, குடும்ப அட்டை, என் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் அந்த உலோகத்தாள் ஒட்டின பெட்டிக்குள்ளேதான். ஊட்டி மழையிலே ஊரிலே இருக்கிற பீரோவெல்லாம் பூஞ்சை பூக்கும். எங்க டீப்பெட்டியிலே பூக்காது. அது தேயிலையைக் காக்கவே செய்த பெட்டிங்க! எதிரணிச் சகோதரர் ‘உழைக்காது’ என்றாரே, அந்தப் பெட்டி இன்னும் எங்க வீட்டிலே இருக்கு. நீங்க போன வருஷம் வாங்கின அழுத்தின மரத்தூள் அலமாரி ஒரு மழைக்காலம் கழித்து எப்படி இருக்குன்னு வீட்டுக்குப் போய்ப் பாருங்க. கீழ்ப்பலகை இட்லி மாதிரி உப்பியிருக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அம்மா, எல்லாருக்கும் டீப்பெட்டிக்கு எங்கே போறது? இப்பத்தான் அது வர்றதே இல்லைங்கிறீங்க!

ஐயா சரியாகக் கேட்டீங்க. டீப்பெட்டி இல்லை, ஆனால் பழசு இல்லாத ஊர் எது? நான் சும்மா பெருமை பேசிவிட்டுப் போக வரலை. இங்கே தாய்மார்கள் உட்கார்ந்திருக்காங்க. நாளைக்குக் காலையிலே வீட்டிலே செய்கிற மாதிரி நாலு விஷயம் சொல்கிறேன். மணியடிச்சுடாதீங்க.

முதலாவது மரம். பழைய சாமான் கடையிலே ஒரு ஸ்டூலோ நாற்காலியோ கிடைக்கும். விலை கேட்பதற்கு முன்னாலே தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்து, அதிலிருந்து புதுசாக மாவு கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு குடித்தனம் பண்ணுது என்று அர்த்தம். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கால் ஆட்டம் கண்டால் பரவாயில்லை, பசையும் ஆப்பும் போதும். நல்ல வெயிலிலே இரண்டு நாள் காய வையுங்கள். உப்புத்தாளை மரத்தின் ரேகை போகிற பக்கமாகத் தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும்.

மெருகுக்குத் தேன்மெழுகு இருக்கு. இந்த மலையிலே குறும்பர்கள் பாறை முகட்டிலே கொடி கட்டி இறங்கித் தேன் எடுக்கிறார்கள். கோத்தகிரியிலே கீஸ்டோன் என்ற அமைப்பு அவங்களோடு சேர்ந்து தேனுக்கும் மெழுகுக்கும் நல்ல வழி பண்ணிக்கொண்டிருக்கு. அந்த மெழுகு ஒரு பங்கு, ஆளிவிதை எண்ணெய் நாலு பங்கு. நேராக அடுப்பிலே வைக்காதீங்க. கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளே இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கணும். ஆறின பிறகு துணியாலே பூசி, கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால் மரம் கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி ஒரு களையோடு நிற்கும். (சிரிப்பு) ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையிலே போடாதீங்க. ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடேறும், சுருட்டின துணி தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப் போடுங்கள். இன்னொன்று, மலை வீட்டிலே எந்த மரச்சாமானையும் சுவரோடு ஒட்டி வைக்காதீங்க. இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று போகும், பூஞ்சை வராது.

இரண்டாவது கம்பளி. எதிரணியிலே ஒரு சகோதரி, “பழைய ஸ்வெட்டரை வைத்து என்ன செய்யறது, வீசவேண்டியதுதான்” என்றாங்க. ஊட்டியிலே நின்றுகொண்டு சொல்கிற பேச்சா அது? கையாலே பின்னின ஸ்வெட்டர் என்றால் ஒரு ஸ்வெட்டர் மூன்று ஸ்வெட்டர்! முதலிலே பக்கத் தையலைப் பிரித்து ஓரத்தைப் பாருங்கள். ஓரம் வெட்டி மெஷினிலே தைத்திருந்தால் அதைப் பிரிக்காதீங்க, நூல் துண்டு துண்டாகத்தான் வரும். அதைப் பட்டை பட்டையாக வெட்டிக் கால்மிதி பின்னலாம். ஓரம் முழுசாக இருந்தால் கழுத்துப் பக்கத்திலிருந்து பிரியுங்கள், ஆறு மாதிரி ஓடி வரும். நாற்காலி முதுகிலே சுற்றி, நாலு இடத்திலே முடிச்சுப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரிலே நனைத்து, கீழே ஒரு சின்னப் பாரம் கட்டித் தொங்கவிடுங்கள. சுருக்கம் எல்லாம் நேராகும். அப்பாவின் ஸ்வெட்டர் பிள்ளைக்கு ஆகும், பிள்ளையினது தலையணை உறை ஆகும், மிச்சம் பேரக் குழந்தைக்குக் குல்லாய் ஆகும். மூன்று தலைமுறையை ஒரே நூலிலே கட்டி வைக்கிற பொருள் எந்தக் கடையிலே கிடைக்குது, சொல்லுங்க? (கைதட்டல்)

மூன்றாவது புடவை. நைந்த நூல் புடவை நாலை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, சுற்றிலும் நூல் ஓட்டி, பிறகு நடுவிலே வரி வரியாகச் சாதாரண ஓட்டுத் தையல். அவ்வளவுதான், போர்வை தயார். கட்டில் விரிப்புக்கும் ஆகும், சுவரிலே மாட்டினால் படமாகவும் ஆகும், மலைக் குளிருக்குச் சுவர் சில்லென்று இருப்பதும் குறையும். அதிலே அம்மா புடவை எது, அத்தை புடவை எது என்று பிள்ளைகள் விரல் வைத்துச் சொல்வார்கள்.

நாலாவது, காசே வேண்டாம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியிலே பைன் மரக் காடு இருக்கு. வர்றவங்க எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்கிற இடம். உங்க வீட்டுப் பக்கமே பைன் மரம் இருந்தால், விழுந்து கிடக்கிற காய் ஒன்றை எடுத்துவந்து நிலைப்படியிலே நூலிலே தொங்கவிடுங்கள். அழகுக்கு அழகு, அறிவுக்கு அறிவு. காற்று காய்ந்திருந்தால் செதில் விரியும், ஈரம் ஏறினால் மூடிக்கொள்ளும். துணி காயப்போடலாமா வேண்டாமா என்று வாசலிலேயே சொல்லிவிடும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். எதிரணிச் சகோதரர் ஷோகேஸிலே வைத்திருக்கிற எந்தப் பொம்மையாவது இப்படி ஒரு தகவல் சொல்லுமா? (சிரிப்பு)

ஷோகேஸ் என்றதும் ஞாபகம் வருது. 1848-லே இந்த ஊரிலே தாவரவியல் பூங்கா போட்டான் வெள்ளைக்காரன். மே மாதம் ஆனால் மலர்க் கண்காட்சி. உலகமே பூ பார்க்க ஊட்டிக்கு வருது. ஊட்டிக்காரன் வீட்டு ஷோகேஸைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் ரோஜா! (பலத்த சிரிப்பு) அதுவும் மழைத்தண்ணீர்த் துளி மாதிரி பசை ஒட்டின ரோஜா! வெளியே நிஜ ரோஜா நிஜ மழையிலே நனைந்துகொண்டு, ‘என்னை ஏன்யா உள்ளே விடலை’ன்னு ஜன்னல் வழியாகப் பார்க்குது!

சிரித்துவிட்டோம். ஆனால் இதிலே சிரிக்காத ஒரு பக்கம் இருக்கு. அந்த பிளாஸ்டிக் ரோஜா இரண்டு வருஷத்திலே சாயம் போகும். பிறகு எங்கே போகும்? சமவெளியிலே ‘வெளியே எறி’ன்னா ஏதோ ஒரு குப்பைமேடு. மலையிலே வெளியே எறிந்தால் அது ஓடைக்குப் போகுது, சரிவுக்குப் போகுது, காட்டெருமை வயிற்றுக்குப் போகுது. மலையிலே ‘வெளியே’ என்று ஓர் இடமே இல்லை ஐயா. அதனாலேதான், தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1-லே ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே, சுப்ரியா சாகு இங்கே கலெக்டராக இருந்த காலத்திலேயே இந்த மாவட்டத்திலே பிளாஸ்டிக்கை நிறுத்துகிற முயற்சி ஆரம்பித்துவிட்டது. ஒரு பொருளை எறியறதுக்கு முன்னாலே ‘இது வேறு என்னவாக ஆகும்?’ என்று ஒரு கேள்வி கேட்கிறோமே, அதுதான் கைவண்ணத்துக்கு முதல் படி. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம்ம பாட்டி சொன்னாளே, அவள் கஞ்சத்தனத்திலே சொன்னாள் என்று நினைக்கிறோம். இல்லைங்க, அவள் துரும்பையும் கவனித்துப் பார்த்தாள்.

இப்போ ‘நேரம் இல்லை’ என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்த மலையிலே தோடர் இனத்துப் பெண்கள் செய்கிற பூத்தையலை எத்தனை பேர் பார்த்திருக்கீங்க? வெள்ளை நூல் துணி, அதிலே சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை. அவங்க போர்த்துகிற பூத்துக்குளியிலே அந்த வேலை இருக்கும். துணியிலே பென்சிலாலே வரைவது கிடையாது, அச்சு வைப்பது கிடையாது. துணியின் இழையை விரலாலே எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். ஓர் இழை தப்பினால் பூ கோணிவிடும். எருமை பார்த்து, சமையல் பார்த்து, பிள்ளை பார்த்து, வெயில் காய உட்கார்கிற நேரத்திலே எண்ணித் தைக்கிறாங்க. அந்தத் தையலுக்கு 2013-லே புவிசார் குறியீடு கொடுத்தது நம்ம அரசாங்கம். நேரம் இருக்கிறவங்க செய்த வேலை இல்லை அது, நேரத்தைக் கண்டுபிடித்தவங்க செய்த வேலை. நமக்கு என்ன நேரம் இல்லை? கையிலே இருக்கிற போனை விரலாலே தள்ளித் தள்ளிப் பார்க்கிறோமே, அந்த விரலிலே பாதி நேரம் ஊசி பிடித்தால் வருஷத்துக்கு ஒரு போர்வை தைத்துவிடலாம். (கைதட்டல்)

இங்கே எதிரணி ஒரு கேள்வி கேட்கும், எனக்குத் தெரியும். ‘அம்மா, தோடர் வேலை வேணும்னா காசு கொடுத்துத்தானே வாங்கணும், அப்போ காசுதானே ஜெயிச்சது?’ என்று மடக்கப் பார்ப்பாங்க. வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள்! நான் காசுக்கு விரோதி இல்லை. ஆனால் அங்கே நீங்கள் காசு கொடுப்பது எதற்கு? துணிக்கா? நூலுக்கா? அந்தக் கைக்குத்தானே கொடுக்கிறீங்க! அப்போ அழகு எங்கே இருந்தது? கையிலே இருந்தது. தன் கையாலே ஒரு பொத்தான் தைத்துப் பார்த்தவனுக்குத்தான் அடுத்தவர் கைவேலைக்கு என்ன விலை என்று புரியும். ஒன்றும் செய்து பார்க்காதவன்தான் “இதுக்கா இவ்வளவு?” என்று கேட்பான்.

கடைசி வாதம், மரியாதை. “வீட்டுக்கு நாலு பேர் வந்தால் பழைய சாமானைப் பார்த்து என்ன நினைப்பாங்க?” உண்ணிச்செடி தெரியுமில்லையா உங்களுக்கு? கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ. அது நம்ம ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டம் அழகாக இருக்கணும் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தான். அழகுக்காகக் காசு செலவு பண்ணி வாங்கின பொருள்! எதிரணி கவனிக்கணும். (சிரிப்பு) அது வேலியைத் தாண்டிக் காட்டுக்குள்ளே போய், புல்லை முளைக்கவிடாமல் மூடி, மான் மேய்ச்சலையும் யானைத் தீவனத்தையும் கெடுத்துவிட்டது. முதுமலைப் பக்கம் போனால் பார்க்கலாம், இரண்டு பக்கமும் அதுதான் புதர்.

யாருக்கும் வேண்டாத அந்தக் களையை வெட்டி எடுத்தாங்க நம்ம மலைவாழ் மக்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர். தண்டைத் தண்ணீரிலே வேகவைத்தால் பட்டை சுலபமாக உரிந்துவரும், குச்சியும் சொன்ன பக்கம் வளையும். அதை வைத்து நாற்காலி செய்தாங்க, மேசை செய்தாங்க. கூடலூர்ப் பக்கத்திலே யானையே செய்தாங்க! இரும்புக் கம்பியிலே கூடு கட்டி, அதன்மேலே உண்ணிக் குச்சியை ஒவ்வொன்றாக வளைத்து, நிஜ யானை உயரத்திலே ஆண் யானை, பெண் யானை, குட்டி. தங்கள் ஊர் வழியாக நடந்துபோன யானைகளைப் பார்த்துப் பார்த்து, அதே காது, அதே நடை. 2021-லே அந்த யானைக் கூட்டம் லண்டனிலே, அரண்மனைக்குப் பக்கத்துப் பூங்காக்களிலே நின்றது. 2024-லே நூறு யானை அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் வீதியிலே நின்றது. வெள்ளைக்காரன் அழகுக்காக வைத்த செடி காட்டைக் கெடுத்தது. நம்ம ஆள் அந்தக் களையிலே யானை செய்து, ‘யானைக்கும் வழி விடுங்கய்யா’ன்னு அவன் ஊரிலேயே கொண்டுபோய் நிறுத்தினான்! (நீண்ட கைதட்டல்)

சொல்லுங்க, மரியாதை எதற்குக் கிடைத்தது? பொருளின் விலைக்கா? அது குப்பை. விலையே கிடையாது. கைபட்டதும் ஊரே எழுந்து நின்றது. வீட்டுக்கு வர்ற நாலு பேருக்கா பயப்படுகிறீர்கள்? கடையிலே வாங்கின சோபாவைப் பார்த்தால் வர்றவன் கேட்கிறது ஒரே கேள்வி: ‘என்ன விலை?’ அத்தோடு பேச்சு முடிஞ்சுபோச்சு. டீப்பெட்டி அலமாரியைப் பார்த்தால் கேட்பான், ‘இது என்னங்க?’ அங்கேதான் பேச்சே ஆரம்பம். காப்பி ஆறிப்போகும், கதை ஆறாது.

நடுவர் ஐயா, எங்க அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அந்த லைன் வீட்டைக் காலி பண்ணினோம். சுவரைக் கொண்டுவர முடியாது, கூரையைக் கொண்டுவர முடியாது. லாரியிலே ஏறினது இரண்டு டீப்பெட்டி, ஒரு புடவைப் போர்வை, ஒரு தகரப் பெட்டி. குன்னூர் டவுனிலே எலி வளை மாதிரி ஒரு வாடகை அறை. எலி வளையானாலும் தனி வளை என்று வந்து இறங்கினோம். அன்றைக்கு ராத்திரி அந்த இடம் யார் வீடோ மாதிரி இருந்தது. அம்மா பெட்டி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அந்த முந்தானைத் திரையை மாட்டினாங்க. உடனே என் தம்பி பையை அதிலே எறிந்துவிட்டு, “அம்மா, பசிக்குது” என்றான். அது வீடாகிவிட்டது ஐயா. ஒரு நாட்டை விட்டு வந்து, ஒரு தோட்டத்தை விட்டு வந்து, வாழ்க்கையிலே சொந்த நிலம் பார்க்காத ஒரு பெண், எங்கே போனாலும் அரை மணி நேரத்திலே வீடு கட்டினாள். எதனாலே? காசு கையிலே இருந்ததாலா? அவள் கையே காசாக இருந்தது.

இன்றைக்கு நம்ம பிள்ளைகள் படித்து, வேலை கிடைத்து, சென்னை, பெங்களூர், துபாய் என்று போகிறார்கள். அங்கே எல்லாம் வாடகை வீடுதான். எத்தனை சோபாவை அவங்க தூக்கிக்கொண்டு அலைவார்கள்? அதனாலே தாய்மார்களே, தகப்பன்மார்களே, பிள்ளைக்குப் பீரோ கொடுத்து அனுப்புவதற்கு முன்னாலே ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆண் பிள்ளைக்கும்தான் சொல்கிறேன்! சுத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், பெண் பிள்ளைக்கும்தான்! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கடைக்குப் போகாதீங்க. பரணைத் திறங்கள். கீழே இறக்கின ஒவ்வொரு பொருளையும் பிள்ளைகள் கையிலே கொடுத்து, ‘இதை என்ன பண்ணலாம், நீ சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயசுப் பையன் சொல்கிற யோசனை பத்தாயிரம் ரூபாய் வாங்குகிற அலங்காரக்காரருக்கு வராது.

ஐயா, காசு இருந்தால் வீட்டை நிரப்பலாம். எதிரணி சொன்னது அத்தனையும் நிரப்புகிற கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பு நிரப்புவது எது என்று கேட்கவில்லை, அழகு தருவது எது என்று கேட்டது. டீப்பெட்டியும், தோடர் ஊசியும், உண்ணிக் குச்சி யானையும் இந்த மலையிலிருந்து சாட்சி சொல்கின்றன. சாட்சிகளை விசாரித்து, வீட்டுக்கு அழகு தருவது கைவண்ணமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)